பெல்காசெம் வீட்டு உதடுகள்

பெல்காசெம் வீட்டுப் பெண்கள் மினுக்கிகள் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. மற்ற வீடுகளில் கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும்தான் ஸ்வாக் மெல்லுவார்கள். அக்ரூட் மரத்தின் காய்ந்த பட்டை அது. மென்று தேய்த்தால் பல் வெளுக்கும். ஈறும் உதடும் வெற்றிலை போட்டதுபோலச் சிவந்து பழுப்பேறிவிடும், இரண்டு மூன்று நாளைக்குப் போகாது. பெல்காசெம் வீட்டிலோ ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனாலும் ஸ்வாக், மாவு அரைக்கப் போனாலும் ஸ்வாக். பெல்காசெமின் அக்கா ஹத்தாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, கல்யாணமும் ஆகவில்லை. அவளும் காலையில் முகம் கழுவிய கையோடு பட்டையைத்தான் தேடுவாள்.

“யாருக்குக் காட்ட ஹத்தா இவ்வளவு சோக்கு?” என்று ரொட்டி அடுப்படியில் யாராவது சீண்டுவார்கள்.

“ஆலிவ் மரத்துக்குத்தான். அதுவாச்சும் வருஷத்துக்கு ஒருதரம் என்னைத் திரும்பிப் பாக்குது” என்பாள். சிரிப்பு அடங்குவதற்குள் ரொட்டியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள்.

நான் இந்த ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ். பெயர் ஃபத்ஹியா. பிறந்தது கடற்கரை நகரமான காபெஸில், இங்கே வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார், பதினோரு மணிக்கே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். மற்ற நாளெல்லாம் நான்தான் டாக்டர், நான்தான் கம்பவுண்டர், தரை துடைக்கிறவளும் நான்தான். அதனால் ஊரில் யாருக்கு எங்கே கொப்புளம் என்று எனக்குத் தெரியும் என்ற இறுமாப்பு எனக்குக் கொஞ்சம் உண்டு. அந்த இறுமாப்பு உடைந்த கதைதான் இது.

பெல்காசெமுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நெஜ்மாவுக்கு இருபத்தொன்று. இளையவள் ஜாஸியாவுக்கு ஒன்பது. ஒன்பது வயதுக் குழந்தைக்கும் உதட்டில் ஸ்வாக் பூசி அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? கல்யாணமாகாத பெரிய பெண் போட்டாலே துடுக்கு என்பார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் போய் தாய்க்காரி ஸல்ஹாவைப் பிடித்தேன்.

“ஏ ஸல்ஹா, பச்சைப் பிள்ளைக்கு எதுக்குடி இந்தக் கண்ராவி? டீச்சரம்மா என்னைக் கேக்குறா.”

“பட்டை மென்னா பல்லு உறுதியாகும்னாங்கக்கா.”

“பல்லு உறுதியாகணும்னா பல்லுல தேய்க்கச் சொல்லு. உதட்டுல ஏன் மெழுகுற?”

அவள் சிரித்து மழுப்பிவிட்டு, பார்லி அடை எடுத்துவந்து வைத்து, மிளகாய் விழுதில் ஆலிவ் எண்ணெயை ஊற்றிக் குழைத்தாள். தின்றுவிட்டு வந்துவிட்டேன். என் வாயை அடைக்க அந்த வீட்டில் எல்லோருக்கும் வழி தெரியும்.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் நீங்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அந்த வீட்டுப் பெண்களின் உதட்டில் புள்ளிகள் இருந்தன. கடுகு தெளித்த மாதிரிக் கரும்புள்ளிகள், மேலுதட்டிலும் கீழுதட்டிலும். ஹத்தாவுக்குப் பதினெட்டு வயதில் ஒரு நல்ல இடத்தில் நிச்சயமானது. மாமியாராகப் போகிறவள் பொதுக் குளியல் வீட்டில் அவளை ஈரமுகத்தோடு பார்த்துவிட்டு, “ஈ எச்சம் போட்ட மூஞ்சியா என் மகனுக்கு?” என்று அத்தனை பெண்களுக்கு நடுவே கேட்டுவிட்டாள். கல்யாணம் நின்றது. அதற்கப்புறம் ஹத்தா முகத்தை வெறுமையாக யாருக்கும் காட்டியதில்லை. தம்பி பெண்கள் இருவருக்கும் மூன்று நான்கு வயதில் அதே புள்ளி எட்டிப் பார்த்ததும், அவள்தான் சட்டம் போட்டாள்: இந்த வீட்டுப் பெண் பட்டை மெல்லாமல் வாசல்படி தாண்டக்கூடாது. ஸல்ஹா வேறு வீட்டிலிருந்து வந்தவள், அவள் உதடு சுத்தம். ஆனால் அவள் மட்டும் பூசாமல் இருந்தால் மற்றவர்கள் ஏன் பூசுகிறார்கள் என்ற கேள்வி வரும் என்று அவளும் பூசினாள்.

அந்த வருஷம் சட்டம் இன்னும் கடுமையானது. நெஜ்மாவை எண்ணெய்ச் செக்குக்காரி ஹாஜ்ஜா மன்னானாவின் ஒரே மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அறுவடை முடிந்து, எண்ணெய் இறங்கி, வசந்தத்தில் கல்யாணம். மன்னானா கெட்டவள் இல்லை. ஆனால் ஒரு கூடை ஆலிவில் சொத்தைக் காய் ஒன்று இருந்தால் அது அவள் கையில்தான் முதலில் வந்து நிற்கும், அப்படிப்பட்ட கண். தங்கை உதட்டைப் பார்த்தால் அக்கா உதட்டையும் கழுவிப் பார்க்கச் சொல்லுவாள் என்று ஹத்தாவுக்குப் பயம்.

இனி வயிற்றுக்கு வருகிறேன். ஜாஸியாவுக்கு இரண்டு வருஷமாகவே வயிற்றுவலி வரும். வந்தால் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு சுருண்டுவிடுவாள். அரை மணி, ஒரு மணி நேரம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து ஆட்டுக்குட்டியைத் துரத்துவாள். முதல் தடவை பூச்சி மாத்திரை கொடுத்தேன். இரண்டாம் தடவையும் அதையே கொடுத்தேன். வெளிறிப்போயிருந்தாள், கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் ரத்தமே இல்லை. டாக்டரிடம் சொல்லி இரும்பு மாத்திரை எழுதி வாங்கினேன்.

“வெளிக்குப் போனா தார் மாதிரி கறுப்பா போகுதுக்கா” என்று ஸல்ஹா வந்து சொன்னாள்.

“இரும்பு மாத்திரை தின்னா அப்படித்தான்டி போகும். பயப்படாத.”

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் அந்தக் கறுப்பில் பாதி ரத்தம். குழந்தை உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து வெளிறிக்கொண்டிருந்தாள், நான் அதன் மேல் மாத்திரையைப் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். நகரத்து ஆஸ்பத்திரிக்கும் இரண்டு தரம் கூட்டிக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்வதற்குள் வலி நின்றுவிடும். வயிற்றை அமுக்கிப் பார்த்து, மலச்சிக்கல் என்று பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள்.

டிசம்பர் மாதம், இரண்டாவது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை சுகாதார நிலையம் பூட்டியிருக்கும். நானும் பெல்காசெமின் தோப்புக்குக் காய் பறிக்கப் போவேன், கூலிக்குப் பதில் எண்ணெய் வாங்கிக்கொள்வேன். முதல்நாள் கடல்காற்று அடித்து ஓய்ந்திருந்தது. மண்ணெல்லாம் குளிர்ந்து ஈரமாகக் கிடந்தது. மரத்தடியில் வலையை விரித்து, ஏணியைச் சாய்த்து, விரல்களில் ஆட்டுக்கொம்பு நுனியை மாட்டிக்கொண்டு கிளையைச் சீவினால் காய் சடசடவென்று வலையில் விழும். பெல்காசெமுக்குக் கழியால் அடிக்கிறவர்களைக் கண்டால் ஆகாது. அடுத்த வருஷத்துக் கொழுந்து போய்விடும் என்பார். மேலே ஏணியில் ஹத்தாவும் நெஜ்மாவும், கீழே வலையில் உட்கார்ந்து இலை பொறுக்க நானும் ஸல்ஹாவும். ஜாஸியாவுக்குக் கை எட்டுகிற தாழ்ந்த கிளைகள். விரலெல்லாம் காய்க்கறுப்பு.

“நெஜ்மா, செக்கு வீட்டுக்குப் போனப்புறம் எங்க காயை முதல்ல ஆட்டித் தருவியா, இல்ல வரிசையில நிக்கச் சொல்லுவியா?” என்று கேட்டேன்.

“நீங்க நிக்கணும்கா. எனக்கு ஊசி போடுறப்ப என்னை நிக்க வச்சீங்கல்ல.”

“பாத்தியா ஸல்ஹா, இப்பவே மாமியார் குரல் வந்துடுச்சு.”

மேலேயிருந்து ஹத்தா, “வாயால பறிக்காதீங்கடி, கையால பறிங்க” என்றாள்.

பத்து மணிக்கு அடுப்பு மூட்டித் தேநீர் கொதிக்க வைத்தோம். ரொட்டியை எண்ணெயில் தோய்த்து வாயில் வைக்கப் போன ஜாஸியா அதை அப்படியே மடியில் போட்டாள். முகம் சாம்பலாகிவிட்டது. மரத்தடியில் போய்ச் சுருண்டாள். வழக்கமான வலி என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் பச்சையாக வாந்தி எடுத்தாள். நான் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு ஓடிப்போய் வயிற்றைத் தொட்டேன். தொப்புளுக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் அளவுக்கு ஒன்று திரண்டு நின்றது.

“வண்டியை எடுங்க பெல்காசெம்” என்றேன். “காயெல்லாம் கிடக்கட்டும்.”

பிக்கப் வண்டியின் பின்தட்டில் காலி மூட்டைகளைப் போட்டுக் குழந்தையைக் கிடத்தினோம். நான், ஸல்ஹா, ஹத்தா, நெஜ்மா நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். நாற்பது கிலோமீட்டர். வழியில் இரண்டு தரம் வாந்தி. ஸல்ஹா ஒவ்வொரு தரமும் முந்தானையால் வாயைத் துடைத்தாள். பாதி வழியில் ஹத்தா தன் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து எச்சில் தொட்டு, வலியில் முனகுகிற குழந்தையின் உதட்டில் தேய்க்க ஆரம்பித்தாள்.

“உனக்குப் பைத்தியமா ஹத்தா?” என்று கத்தினேன். “பிள்ளை உயிருக்கு ஊசலாடுது, நீ அலங்காரம் பண்றியா?”

“உனக்குத் தெரியாது ஃபத்ஹியா. ஆஸ்பத்திரியில நாலு பேர் வருவாங்க.”

“வந்தா?”

அவள் கை தேய்த்துக்கொண்டே இருந்தது. ஸல்ஹாவும் தடுக்கவில்லை. நெஜ்மா முகத்தைத் திருப்பிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள், வயிறெல்லாம் வாயு, எதுவும் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். நரம்பில் சலைன் ஏற்றி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வார்டில் போட்டார்கள். அறுவை டாக்டர் வந்து பார்ப்பார் என்றார்கள். அவர் வந்தபோது மணி ஒன்றரை, பார்வையாளர் நேரம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஆஸ்பத்திரியில் என்றால் செய்தி வந்த மறுநிமிஷம் கையில் பாத்திரத்தோடு கிளம்பிவிடுவார்கள். நோயாளிக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கும், அதற்குக் கீழேயே ஆறு பாத்திரம் இருக்கும். ஹாஜ்ஜா மன்னானாவும் வந்துவிட்டாள். வறுத்த பார்லி மாவை எண்ணெயில் குழைத்து, மூடி போட்ட எனாமல் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

அறுவை டாக்டர் ஒரு பெண். டாக்டர் நாயிலா என்று பெயர். குட்டையாக, முழங்கால் வலியோடு நொண்டி நொண்டி வந்தார். வயிற்றில் கை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

“எத்தனை நாளா வலி?”

“ரெண்டு வருஷமா வரும், போகும்” என்றேன். “நான் அவங்க ஊர் நர்ஸ்.”

“மலத்துல ரத்தம்?”

“கறுப்பா போகுதுன்னாங்க. நான் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தேன். அதனாலன்னு நெனச்சேன்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான்.

“குடலுக்குள்ள குடல் சொருகியிருக்கு” என்று பெல்காசெம் பக்கம் திரும்பினார். “சட்டைக்கையை உள்பக்கமா இழுத்தா மடிஞ்சுக்குமில்ல, அப்படி. ரெண்டு வயசுக் குழந்தைன்னா கீழ்வழியா காத்தடிச்சுத் தள்ளிவிட்டாலே சரியாகிடும். ஒம்பது வயசுல சும்மா சொருகாது. உள்ள ஏதாவது இருந்து இழுத்திருக்கணும். குடும்பத்துல யாராவது வயித்துவலியில போயிருக்காங்களா?”

“எனக்கு ஒரு தம்பி இருந்தான் டாக்டர். பத்து வயசுல போயிட்டான். கள்ளிப்பழம் நெறையத் தின்னுட்டான், கொட்டை அடைச்சுக்கிச்சு” என்றார் பெல்காசெம்.

“வயித்தைத் திறந்து பாத்தாங்களா?”

“இல்ல. ஊரே அப்படித்தான் சொல்லுச்சு.”

ஹத்தா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பழங்களை முள் நீக்கி உரித்துக் கொடுத்தது அவள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

டாக்டர் குனிந்து ஜாஸியாவின் முகத்தைப் பார்த்தார். “இது என்ன உதட்டுல? ரத்தமா, சாயமா?”

“ஸ்வாக் டாக்டர்” என்றாள் ஸல்ஹா.

“இந்தச் சின்னப் பிள்ளைக்கா? சரி, அதுக்கு அடியில ஏதாவது இருக்கா? புள்ளி, மச்சம், அப்படி ஏதாவது?”

ஸல்ஹா வாயைத் திறந்தாள். கால்மாட்டில் மன்னானா கிண்ணத்தோடு நிற்பதைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற நெஜ்மாவைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல டாக்டர். சுத்தமான உதடு.”

டாக்டர் விரலால் உதட்டைத் தேய்த்துப் பார்த்தார். காலையில் இட்ட புதுச் சாயம், அசையவில்லை. மூக்குக்குழாயோடு குழந்தை வாயைத் திறக்க மறுத்து அலறியது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“அப்ப முதல்ல காத்து வச்சுப் பாப்போம். வயித்தைக் கிழிக்காம முடிஞ்சா நல்லதுதானே. எக்ஸ்ரே ஆள் வீட்டுலேர்ந்து வரணும், மூணு மணி ஆகும். அதுவரைக்கும் காத்திருங்க.”

நொண்டிக்கொண்டே இரண்டு கட்டில் தாண்டிவிட்டார். அப்போதுதான் ஹத்தா எழுந்தாள்.

“டாக்டரம்மா, நில்லுங்க.”

குரல் அந்த வார்டு முழுக்கக் கேட்டது. டாக்டர் திரும்பினார்.

“அவ சொன்னது பொய். அப்படிச் சொல்லப் பழக்கினது நான்தான். புள்ளி இருக்கு, கறுப்பா. ரெண்டு உதட்டுலயும், கன்னத்துக்கு உள்ளயும், விரல் நுனியிலயும். மூணு வயசுலேர்ந்து இருக்கு. எனக்கும் இருக்கு. செத்துப்போன என் தம்பிக்கும் இருந்துச்சு.” மூச்சு வாங்கினாள். “நெஜ்மாவுக்கும் இருக்கு.”

“மதினி!” என்று ஸல்ஹா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

டாக்டர் வந்த வேகத்தில் அவருடைய முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. ஹத்தாவை வெளிச்சத்துக்கு இழுத்து, உள்கன்னத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு பெல்காசெமிடம், “நீங்களும் திறங்க” என்றார்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. இது பொம்பளைங்க சமாச்சாரம்…”

“ஏன், ஆம்பளைக்கு வாய் கிடையாதா? திறங்க.”

கட்டை மீசைக்குக் கீழே பெல்காசெம் வாயைத் திறந்தார். உதட்டுப் புள்ளி வயதோடு மங்கிப்போயிருந்தது. உள்கன்னத்தில் நாலைந்து சாம்பல் திட்டுகள் அப்படியே இருந்தன. ஐம்பது வருஷமாக அவருக்கே தெரியாது. டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, வார்டு நர்ஸைப் பார்த்து, “காத்தும் வேண்டாம், கத்தரிக்காயும் வேண்டாம். தியேட்டரைத் திறக்கச் சொல்லு. இப்பவே” என்றார்.

அந்தப் பரபரப்பில் மன்னானாவை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கிண்ணத்தைக் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தாள். “அல்லாஹ் குணமாக்கட்டும்” என்றாள், மனதாரத்தான் சொன்னாள். நெஜ்மாவின் உதட்டை ஒருமுறை பார்த்தாள். போய்விட்டாள்.

இரண்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தாழ்வாரத்துச் சிமெண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நகக்கண்ணில் இன்னும் ஆலிவ் கறுப்பு. ஸல்ஹா ஹத்தாவுக்கும் தனக்கும் நடுவே என்னை உட்காரவைத்துக்கொண்டாள். பெல்காசெம் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், எவ்வளவு காய் வலையிலேயே கிடக்கிறதென்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். நாலேமுக்காலுக்கு டாக்டர் நாயிலா வெளியே வந்தார்.

“பொழைச்சுக்கும்” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு ஸல்ஹா பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் நெற்றியை வைத்தாள்.

சிறுகுடல் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்துப்போயிருந்ததாம். அதை வெட்டி எடுத்துச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். உள்ளே இழுத்தது ஒரு சதைக்கட்டி, காம்போடு, பேரீச்சம்பழ அளவு. புள்ளி விஷயம் தெரிந்ததால் குடல் முழுவதையும் தடவிப் பார்த்து, வேறு மூன்று கட்டிகளையும் எடுத்தார்களாம். தெரியாவிட்டால் ஒன்றோடு நிறுத்தியிருப்பார்களாம். அதுவும் மூன்று மணி வரை காத்திருந்து, காற்றடித்துப் பார்த்து, பிறகு திறந்திருந்தால் கறுப்பு ஒரு சாணோடு நின்றிருக்காதாம். நோய்க்கு இரண்டு வெளிநாட்டு டாக்டர்களின் பெயரைச் சேர்த்து ஒரு பெயர் சொன்னார், எங்கள் யார் நாக்கிலும் அது நிற்கவில்லை.

“தகப்பன் வழியா வந்திருக்கு. புள்ளி இருக்கிற எல்லார் குடல்லயும் கட்டி வளரும். புள்ளி கெடுதல் பண்ணாது. அது வெளியில தொங்குற அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். நீங்க பலகைக்குச் சாயம் அடிச்சு மறைச்சுட்டீங்க. எல்லாரும் வரணும், குழாய் விட்டுப் பாக்கணும். கட்டி சின்னதா இருக்கிறப்பவே கத்தியில்லாம எடுத்துடலாம்.”

ஹத்தா கேட்டாள்: “அப்ப என் தம்பி? அந்தக் கள்ளிப்பழம்?”

“அவனுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். பழம் பாவம், அது என்ன பண்ணும்?”

ஹத்தா தாழ்வாரத்தின் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, சத்தமாக அழுதாள். நாற்பது வருஷம் அந்தச் சாவைத் தன் கையால் உரித்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தவள். போய்ச் சமாதானம் சொல்லலாமா என்று எழுந்தேன். அழட்டும் என்று மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

வயிற்றைத் தைத்தபின் வாயு பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். நாலு நாள் அந்த வீடே ஒரு குசுவுக்காகத் தவம் கிடந்தது. ஐந்தாம் நாள் காலை அது வந்தபோது பெல்காசெம் தாழ்வாரத்துக்கு ஓடிவந்து, முன்பின் தெரியாத ஓர் ஆளைக் கட்டிப்பிடித்து, “விட்டுட்டா! என் மக விட்டுட்டா!” என்று கத்தினார். ஜாஸியா வெட்கத்தில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த வாரமே மன்னானா சுகாதார நிலையத்துக்கு வந்தாள். ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும் என்று கையை நீட்டினாள். நான் கருவியின் துணிப்பட்டையைக் கையில் சுற்றும்போதே கேட்டுவிட்டாள்.

“நெஜ்மாவுக்குப் பிள்ளை பிறந்தா அதுக்கும் வருமா?”

பொய் சொல்லலாம். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், நல்லதுக்காக. ஆனால் அந்த வீட்டு விஷயத்தில் என் பங்குக்கு ஏற்கெனவே போதுமான அளவு மூடியாகிவிட்டது.

“பாதிக்குப் பாதி” என்றேன். “வரலாம், வராமலும் போகலாம். ஆனா இப்ப தெரிஞ்சுபோச்சு ஹாஜ்ஜா. காலாகாலத்துல பாத்தா பயமில்ல.”

“எனக்குப் பயமா இருக்கே ஃபத்ஹியா. ஒரே மகன்.”

அழுத்தம் நிஜமாகவே ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்தேன். மறுநாள் தன் அக்காளை அனுப்பி எனாமல் கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பையன் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறான் என்று அந்த அக்காள் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

அடுத்த திங்கட்கிழமை, தையல் பிரித்த இடத்தைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்று பெண்களும் முற்றத்தில் பெரிய தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, உப்பில் போட வேண்டிய காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெல்காசெம் வெளியே வண்டிச் சக்கரத்தை என்னவோ செய்துகொண்டிருந்தார். ஜாஸியா பாயில் படுத்தபடி பசிக்கிறது, பசிக்கிறது என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். காயம் நன்றாக ஆறியிருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. எனக்கு அந்த வீட்டில் அப்படி ஒரு மௌனம் பழக்கமில்லை.

“என்னடி, எல்லாரும் ஆலிவ் கொட்டையை முழுங்கிட்டீங்களா?” என்றேன்.

அவ்வளவுதான், ஸல்ஹா வெடித்துவிட்டாள். என்னிடமில்லை, ஹத்தாவிடம்.

“என் சின்னவளைக் காப்பாத்துனீங்க மதினி, இல்லேங்கல. சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா அதை டாக்டர் காதுல சொல்லியிருக்கக்கூடாதா? வெளிய கூட்டிட்டுப் போயி சொல்லியிருக்கக்கூடாதா? அந்தப் பொம்பளை நிக்கிறப்ப, வார்டுக்கே கேக்குற மாதிரி, என் மூத்தவ பேரையும் எதுக்கு இழுத்தீங்க? அவளைப் பத்தி டாக்டர் கேட்டாங்களா?”

ஹத்தா கையிலிருந்த சொத்தைக் காயைத் தூர எறிந்தாள். “காதுல சொல்லலாம்னுதான் எந்திரிச்சேன்.”

“அப்புறம்?”

“நெஜ்மா மூஞ்சியைப் பாத்தேன். காதுல சொன்னா கல்யாணம் நடந்துடும். இவ அந்த வீட்டுக்குப் போயிடுவா. அங்க இவளுக்கு இப்படி ஒரு வலி வந்தா? புள்ளியை மறைச்சுக்கிட்டுக் கட்டினவ வலியையும் மறைச்சுக்கிட்டுத்தான் கிடப்பா. மன்னானா சோம்புத் தண்ணி வச்சுக் கொடுப்பா. ஒருநாள் போல ஒருநாள் இருக்குமா ஸல்ஹா? தெரிஞ்சு கட்டினா கட்டட்டும், இல்லேன்னா போகட்டும்னு தோணுச்சு. தோணினதைச் சொல்லிட்டேன். என்னைத் திட்டணும்னா திட்டு.”

“அவளுக்கு ஏன் வலி வரப்போகுது?” ஸல்ஹாவின் குரல் ஏறியது. “ஒரு தலைவலின்னு படுத்தது உண்டா என் பிள்ளை? மூட்டை தூக்குறா, ஏணி ஏறுறா. டாக்டர் சொன்னா எல்லாருக்கும் அப்படியேவா ஆயிடும்? நல்லாயிருக்கிறவ வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்களே மதினி, ஒண்ணுமே இல்லாத பிள்ளை வாழ்க்கையை…”

“இருக்கும்மா” என்றாள் நெஜ்மா.

அவள் தலை நிமிரவில்லை. காய் பொறுக்குவதையும் நிறுத்தவில்லை.

“என்ன இருக்கு?”

“வலி. பேரீச்சம்பழம் இறக்கின மாசத்துலேர்ந்து. எட்டுத் தடவை வந்துடுச்சு. ஏணியில நிக்கிறப்ப ரெண்டு தடவை.”

நான்தான் கேட்டேன். “ஏண்டி சொல்லல? நான் ஒருத்தி தினம் தினம் இந்த வழியாத்தானே போறேன்?”

“கல்யாணம் நின்னுடும்னு. கல்யாணம் முடிஞ்சு அங்க போயி சொல்லிக்கலாம்னு இருந்தேன்.” சற்று நிறுத்தி, “நேத்தும் வந்துச்சு. அதுதான் பெருசு” என்றாள்.

நான் எழுந்துபோய் அவள் வயிற்றில் கை வைத்தேன். வலது பக்கம் தொட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

ஸல்ஹா தொட்டியிலிருந்து கையை எடுத்தாள். துடைக்கவில்லை. உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலுக்குப் போனாள்.

“வண்டியை எடுங்க.”

“எங்க?” என்றார் பெல்காசெம் வெளியிலிருந்து. “நமக்கு முறை அடுத்த புதன்கிழமைதானே?”

“இன்னிக்கு. இப்ப. எடுங்கங்கிறேன்ல.”

சக்கரம் கழன்று கிடக்கிறது, ஒரு கால் மணி நேரம் ஆகும் என்றார் அவர். ஸல்ஹா திரும்பி ஹத்தாவைப் பார்த்தாள். ஹத்தா அதற்குள் எழுந்துவிட்டிருந்தாள். நெஜ்மாவின் மேல்துணியை ஆணியிலிருந்து எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டு, தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“வண்டி வேண்டாம் மதினி” என்றாள் ஸல்ஹா. “ரோட்டுக்கு நடந்துடலாம். எது வந்தாலும் கையைக் காட்டி ஏறிக்கலாம். நீங்க அவளை அந்தப் பக்கம் பிடிங்க.”